கணினி கேள்வி பதில்: புள்ளி வெச்சாச்சு, கோடு எப்போ போடுறது?

போன மாசம் எக்செல்ல சார்ட் போடுறதப் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுல பாதிக்கு மேல ஸ்கேட்டர் சார்ட் பத்திதான், நம்ம ஆளுங்க சிலர் சிதறல் வரைபடம்னும் எழுதியிருக்கீங்க, ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டு அளவ ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் புள்ளி புள்ளியா போடுற படம். எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில தரக் கட்டுப்பாட்டுல 18 வருஷம் வேல பார்த்தவ நான், அங்க சொல்லித் தர்ற ஏழு அடிப்படைக் கருவிகள்ல இதுவும் ஒண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். கடிதங்களக் கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா வணக்கம். நான் படிவம் 4 பிள்ளைங்க 22 பேருக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரத்துக்கு எத்தன மணி நேரம் வீட்ல பயிற்சி செய்றாங்கங்கிறது ஒரு கொலம், பரீட்சை மார்க் அடுத்த கொலம். செலக்ட் பண்ணி லைன் சார்ட் போட்டா மேல ஒரு கோடு ரம்பம் மாதிரி ஏறி இறங்குது, கீழ ஒரு கோடு தரையோட ஒட்டிக் கிடக்குது. நெறைய செஞ்சா நெறைய மார்க் வருதான்னு பார்க்கணும், அவ்ளோதான். — டியூஷன் டீச்சர், செந்தூல்

பதில்: டீச்சர், நீங்க கணக்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க, சார்ட்தான் வேற. லைன் சார்ட்டுக்கு ரெண்டு கொலம் குடுத்தீங்கன்னா அது ரெண்டையும் தனித்தனி ஆளா நெனச்சுக்கும், மணிய ஒரு கோடா மார்க்க ஒரு கோடா வரைஞ்சு கீழ 1, 2, 3ன்னு வரிசை நம்பர் போட்டுக்கும். மணி 3ன்னா மார்க் 50க்குப் பக்கத்துல அது தரையிலதானே கிடக்கும். உங்களுக்கு வேண்டியது ஒண்ண வெச்சு இன்னொண்ணப் பார்க்கிறது, அதுக்குத்தான் ஸ்கேட்டர். ரெண்டு கொலத்தையும் தலைப்போட செலக்ட் பண்ணுங்க, இன்சர்ட் போங்க, சார்ட்ஸ் இருக்கிற இடத்துல வெறும் புள்ளியா ஒரு சின்னப் படம் இருக்கும், அத அழுத்துனா ஸ்கேட்டர் வகைங்க அஞ்சாறு காட்டும், மொதல்ல இருக்கிற வெறும் புள்ளி வகைய எடுங்க. கோடு சேர்த்து இருக்கிறத எடுக்காதீங்க, அது நீங்க பேர் எழுதின வரிசையிலயே ஒரு பிள்ளையில இருந்து இன்னொரு பிள்ளைக்குக் கோடு இழுத்துட்டுப் போகும், சிலந்தி வலையாட்டம் ஆயிரும்.

இடது கொலம் படுக்கை அச்சுக்கு, அதாவது எக்ஸ் அச்சுக்குப் போகும், வலது கொலம் நிக்கிற ஒய் அச்சுக்குப் போகும். மணி இடது, மார்க் வலது, இந்த வரிசை சரி. மாறிப் போச்சுன்னா மேல ஸ்விட்ச் ரோ காலம்னு ஒரு பட்டன் இருக்கே அத அமுக்கலாம்னு நெறைய பேர் போறாங்க, அது இதுக்கு உதவாது, படமே கலைஞ்சு போயிரும். சார்ட்ல ரைட் கிளிக், செலக்ட் டேட்டா, எடிட், அங்க எக்ஸுக்கு ஒரு பெட்டி ஒய்க்கு ஒரு பெட்டி இருக்கும், அதுல மாத்துங்க, இல்லேன்னா ஷீட்லயே கொலத்த இடம் மாத்திட்டு மறுபடி போடுறது இன்னும் சுலபம்.

இன்னொண்ணு, நீங்க அனுப்பின படத்துல ஒரு செல்ல "2 மணி"ன்னு எழுதியிருக்கீங்க. எக்ஸ் கொலத்துல ஒரே ஒரு செல்ல எழுத்து கலந்தாலும் எக்செல் மொத்த கொலத்தையும் நம்பரா எடுத்துக்காது, 1, 2, 3ன்னு அதுவா போட்டுக்கும், எதுவும் சொல்லவும் சொல்லாது, நீங்க பாட்டுக்கு அந்தப் படத்த நம்பிக்கிட்டு இருப்பீங்க. செல்லுல நம்பர் மட்டும் எழுதுங்க, மணிங்கிறது தலைப்புல இருக்கட்டும். நம்பர் செல்லோட வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடது பக்கம் ஒட்டி நிக்கும், ஒரு தடவ கண்ணால ஓட்டிப் பார்த்தாலே பிடிச்சிரலாம்.

படம் வந்ததும் பக்கத்துல பச்சை பிளஸ் குறி வரும், அதுல ஆக்ஸிஸ் டைட்டில்ஸ டிக் பண்ணி ரெண்டு அச்சுக்கும் பேர் எழுதுங்க. பேர் இல்லாத அச்சோட எந்தப் படத்தையும் அடுத்தவங்ககிட்ட காட்டாதீங்க, இத நான் ரொம்பக் கண்டிப்பாவே சொல்வேன்.

அதுக்கப்புறம் டீச்சர், கோடு போட, அதாவது புள்ளிங்களுக்கு நடுவுல போக்கு காட்டுற ட்ரெண்ட்லைன் போட, அவசரப்படாதீங்க. வாசல்ல கோலம் போடுறப்பவே மொதல்ல புள்ளி, அப்புறந்தானே கோடு. உங்க 22 புள்ளியில வலது ஓரத்துல கீழ ரெண்டு புள்ளி தெரியுது, வாரத்துக்கு 9 மணி நேரம் உக்காந்தும் 40க்குக் கீழ மார்க். அது ரெண்டும் வெறும் புள்ளி இல்ல, ரெண்டு பிள்ளைங்க. நெறைய செஞ்சும் வரலேன்னா அடிப்படை எங்கயோ விட்டுப் போயிருக்கலாம், புரியாமலே மனப்பாடம் பண்ணியிருக்கலாம், வீட்ல மணிக்கணக்க கூட்டிச் சொல்லியிருக்கலாம். சார்ட் அத சொல்லாது, யாருகிட்ட போய்க் கேக்கணும்னு மட்டும் சொல்லும், அதுவே பெரிய உதவி.

கேள்வி: மாணவர் மார்க் வெச்சுப் போட்ட ஸ்கேட்டர் சார்ட்ல ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்துலயும் மாணவர் பேர் வரணும், எப்படி? ஸ்கூல்ல கூகுள் ஷீட்ஸ், வீட்ல எக்செல். — தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பிறை

பதில்: எக்செல்ல 2013ஓ அதுக்கு அப்புறம் வந்த பதிப்போ இருந்தா பிளஸ் குறி, டேட்டா லேபல்ஸ், மோர் ஆப்ஷன்ஸ் போங்க, வலது பக்கம் வேல்யூ ஃப்ரம் செல்ஸ்னு இருக்கும், அத டிக் பண்ணி பேர் இருக்கிற செல்லுங்களக் காட்டுங்க, கீழ ஒய் வேல்யூ டிக்க எடுத்துருங்க. ஷீட்ஸ்ல சார்ட் எடிட்டர்ல சீரிஸ் பேருக்குப் பக்கத்துல மூணு புள்ளி இருக்கும், அதுல ஆட் லேபல்ஸ். நாலஞ்சு பேர் ஒரே மார்க் வாங்கியிருந்தா புள்ளி மேல புள்ளி உக்காந்து ஒண்ணா தெரியும், அப்ப எக்செல்ல புள்ளியோட நிறத்துல டிரான்ஸ்பரன்ஸிய 50 விழுக்காடு வெச்சீங்கன்னா குவியிற எடம் கருப்பா தெரிய ஆரம்பிக்கும்.

ஆனா டீச்சர், பேர் போட்ட சார்ட் உங்க மேசையில மட்டும் இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்துல திரையில காட்டுறதுக்குப் பேர் இல்லாத இன்னொரு பிரதி எடுத்து வெச்சுக்கோங்க, கடைசிப் புள்ளியா தன் பிள்ளை பேர் எல்லார் முன்னாலயும் தெரியுறத எந்த அம்மாவாலயும் தாங்க முடியாது.

கேள்வி: அக்கா, நான் ஆயிர் ஈத்தாம் பக்கம் ஐஸ் கச்சாங் கடை வெச்சிருக்கேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு எவ்ளோ சூடுன்னு தெர்மாமீட்டர்ல பார்த்து எழுதி, அன்னிக்கு எத்தன கிண்ணம் ஓடுச்சுன்னும் எழுதுறேன், மூணு மாசமாச்சு. என் மக ஸ்கேட்டர் போட்டுக் குடுத்தா, எல்லாப் புள்ளியும் வலது மூலையில ஈ மொச்ச மாதிரி கிடக்குது, இடது பக்கம் பூரா காலி. அச்ச 0ல இருந்து ஆரம்பிக்காம மாத்துனா ஏமாத்துற மாதிரி ஆயிருமான்னு அவ கேக்குறா. — கடைக்கார அண்ணன், பினாங்கு

பதில்: அண்ணே, மூணு மாசம் விடாம எழுதியிருக்கீங்க பாருங்க, அது எல்லாரும் செய்யிற வேல இல்ல. உங்க மக கேட்ட கேள்வியும் அருமையான கேள்வி. பார் சார்ட்டுக்கு அவ சொல்றது முழுக்க சரி, அங்க நாம கம்பத்தோட உயரத்தத்தான் பார்க்கிறோம், அடிய வெட்டுனா உயரம் பொய் சொல்லும். ஸ்கேட்டர்ல உயரத்தப் பார்க்கிறது இல்ல, புள்ளி எங்க உக்காந்திருக்குங்கிறதத்தான் பார்க்கிறோம், அதனால 0ல ஆரம்பிக்கணும்னு கட்டாயம் கிடையாது. பினாங்குல மத்தியானத்துல 0 டிகிரி வரப் போறதும் இல்ல, வராத சூட்டுக்கு எதுக்கு அவ்ளோ இடம்?

கீழ் அச்சு நம்பர் மேல டபுள் கிளிக் பண்ணா ஃபார்மட் ஆக்ஸிஸ் தெறக்கும், பவுண்ட்ஸ்ல மினிமம் 25, மாக்ஸிமம் 36, கீழ யூனிட்ஸ்ல மேஜர் 1ன்னு போடுங்க. உங்க நம்பர் 27ல இருந்து 35 வரைக்கும்தானே. ஆனா ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, கையால எல்லை போட்டுட்டா அது அப்படியே நிக்கும், ஒரு நாள் 37 அடிச்சா அந்தப் புள்ளி எல்லைக்கு வெளிய போயி படத்துலயே தெரியாது, பக்கத்துல இருக்கிற ரீசெட் அழுத்துனா மறுபடி தானா பார்த்துக்கும். கிண்ணத்தோட அச்சு மட்டும் 0ல இருந்தே இருக்கட்டும், ஏன்னா 0 கிண்ணம்ங்கிறது உங்க கடையில நடக்கக்கூடியது, அடை மழை நாள்ல நடந்தும் இருக்கும்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன். நீங்க அனுப்பின நோட்டு நம்பர நானே போட்டுப் பார்த்தேன், புள்ளிங்க ஒரு மேகமா இல்ல, ரெண்டு மேகமா நிக்குது, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. மேல நிக்கிறது சனி ஞாயிறு. 30 டிகிரி சனிக்கிழமை 33 டிகிரி செவ்வாய்க்கிழமைய விட அதிகமா வித்திருக்கு. ரெண்டையும் கலந்து ஒரே கோடு போட்டிருந்தா சூட்டுக்குக் குடுக்க வேண்டிய பேரையும் லீவுக்குக் குடுக்க வேண்டிய பேரையும் குழப்பியிருப்போம். அதனால ரெண்டு நிறம் பண்ணுங்க. சூடு ஒரு கொலம், அதுக்குப் பக்கத்துல வேல நாள் வியாபாரம் ஒரு கொலம், அதுக்கும் பக்கத்துல சனி ஞாயிறு வியாபாரம் ஒரு கொலம், ஒவ்வொரு ரோவுலயும் ரெண்டுல ஒண்ணு காலியா இருக்கும். மூணையும் சேர்த்து செலக்ட் பண்ணி ஸ்கேட்டர் போட்டா எக்செல் மொத கொலத்த எக்ஸா எடுத்துக்கிட்டு மத்த ரெண்டுக்கும் வேற வேற நிறம் குடுத்துரும்.

கையால பிரிக்க வேணாம்னா இஃப் ஃபங்ஷனோட வீக்டே ஃபங்ஷன சேர்த்து மகளை எழுதச் சொல்லுங்க, வீக்டேல ரெண்டாவது எடத்துல 2ன்னு குடுத்தா திங்கள் 1, சனி 6, ஞாயிறு 7ன்னு வரும், 5க்கு மேல இருந்தா சனி ஞாயிறு. இல்லாத நாளுக்கு வெறும் மேற்கோள் குறி போடாம என்ஏ ஃபங்ஷன் போடணும், வெறும் மேற்கோள் குறி போட்டா எக்செல் அத 0ன்னு எடுத்துக்கிட்டுத் தரையில புள்ளி வைக்கும், என்ஏ போட்டா புள்ளியே வைக்காது. இத எழுதுறப்ப கெடா மாநிலத்துக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை, உங்களுக்கு லீவு வெள்ளி சனி, அதனால 5ம் 6ம்.

கருப்பு வெள்ளையில பிரிண்ட் எடுத்து கடையில ஒட்டுறதா இருந்தா நிறம் போதாது, மார்க்கர் ஆப்ஷன்ஸ்ல ஒண்ணுக்கு வட்டம் ஒண்ணுக்கு முக்கோணம்னு வடிவத்த மாத்துங்க, அளவையும் 8 வரைக்கும் ஏத்துங்க, கண்ணுக்கு இதமா இருக்கும்.

கேள்வி: பட்டர்வொர்த்துல ஸ்கூல் வேன் ஓட்டுறேன், லீவு நாள்ல வாடகைக்கும் போவேன். தினம் ஓடுன தூரமும் ஊத்துன பெட்ரோல் லிட்டரும் எழுதி, ட்ரெண்ட்லைனும் போட்டுட்டேன், அதுல ஒய் = 0.09 எக்ஸ் + 2.1ன்னும் ஆர் ஸ்குவேர் 0.74ன்னும் வருது. இதுக்கு என்ன அர்த்தம்? இத வெச்சு கேஎல் (கோலாலம்பூர்) பயணத்துக்கு பெட்ரோல் கணக்கு சொல்லலாமா? கூட்டாளி ஒருத்தர் நேர் கோட்டுக்குப் பதிலா பாலினாமியல் 6ன்னு வளையிற கோடு போட்டா ஆர் ஸ்குவேர் இன்னும் ஏறும்னு சொல்றாரு. — வேன் ஓட்டுநர்

பதில்: தம்பி, எக்ஸ்னா கிலோமீட்டர், ஒய்னா லிட்டர். 0.09ங்கிறது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுற லிட்டர், அதாவது 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர். 2.1ங்கிறது கோட்ட 0 வரைக்கும் இழுத்தா எங்க போய் முட்டுதுங்கிற எடம். பிள்ளைங்களுக்காக வீட்டு வாசல்ல இன்ஜினும் ஏர்கானும் ஓடிக்கிட்டே நிக்கிறீங்களே, அந்தப் பெட்ரோல் அதுல இருக்கலாம், ஆனா உங்க புள்ளி 40 கிலோமீட்டர்லதான் ஆரம்பிக்குது, அதுக்குக் கீழ கோடு சொல்றத அப்படியே நம்பிரக் கூடாது. ஆர் ஸ்குவேர் 0.74ன்னா பெட்ரோல் நாளுக்கு நாள் கூடிக் கொறையிறதுல 74 விழுக்காடு தூரத்தோட சேர்ந்து போகுது, மிச்சம் வேற எதாலயோ, நெரிசல், சுமை, டயர் காத்து, எழுதுனதுல பிழை, எதுவும் இருக்கலாம்.

கேஎல் கணக்குக்கு இத எடுக்காதீங்க. நீங்க எழுதுனது 40ல இருந்து 180 கிலோமீட்டர் வரைக்கும், ஊருக்குள்ள நின்னு நின்னு போற ஓட்டம். கேஎல் போறது 350 கிலோமீட்டர் சுமாருக்கு, அதுவும் நெடுஞ்சாலையில ஒரே வேகத்துல. கோடு 33.6 லிட்டர்னு பதில் குடுக்கும், ஏன்னா கோட்டுக்குத் தான் எங்க நிக்கணும்னு தெரியாது, நமக்குத்தான் தெரியணும். நாலஞ்சு தடவ கேஎல் போயிட்டு வந்து அத தனி நிறத்துல போடுங்க, அப்புறம் பேசலாம்.

பாலினாமியல் 6 வேணவே வேணாம். எக்செல் அதிகபட்சம் விடுறது 6தான், போட்டா ஆர் ஸ்குவேர் ஏறத்தான் செய்யும், வளையிறதுக்கு அத்தன இடம் குடுத்தா கோடு ஒவ்வொரு புள்ளியையும் தேடித் தேடிப் போகும், நாளைக்கு வர்ற புள்ளியப் பத்தி அதுக்கு ஒண்ணுமே தெரியாது. படத்தப் பார்க்காம நம்பர மட்டும் பார்க்கிறவங்களுக்காகவே பிரான்சிஸ் ஆன்ஸ்காம்ங்கிற புள்ளியியல் அறிஞர் 1973ல நாலு தொகுப்பு நம்பர் செஞ்சு காட்டுனாரு, ஒவ்வொண்ணுலயும் 11 புள்ளி. நாலுக்கும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, கோடும் ஒரே கோடு, ஒய் = 3 + 0.5 எக்ஸ், ஆர் ஸ்குவேரும் 0.67தான். ஸ்கேட்டர்ல போட்டாத்தான் தெரியுது, ஒண்ணு சாதாரண மேகம், ஒண்ணு வில்லு மாதிரி வளைஞ்சது, ஒண்ணு நேர் கோட்டுல ஒரே ஒரு புள்ளி மட்டும் தப்பி நிக்கிறது, இன்னொண்ணுல பத்து புள்ளி ஒரே செங்குத்துல நின்னு தூரத்துல ஒரு ஒத்தப் புள்ளி தனியா கோட்ட இழுத்துப் பிடிச்சிருக்கு. மொத தடவ நானே இத எக்செல்ல தட்டிப் போட்டுப் பார்த்த அன்னிக்கு அப்படியே உக்காந்துட்டேன், அதுவரைக்கும் நம்பர் சரின்னா எல்லாம் சரின்னு நெனச்சிருந்தேன்.

கேள்வி: தனியா தூரத்துல நிக்கிற புள்ளிய அழிச்சிட்டா கோடு அழகா வருது, அழிக்கலாமா? — கல்லூரி மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அழகுக்காக அழிக்காதம்மா. நான் வேல பார்த்த எடத்துல நடந்தத சொல்றேன். சர்க்யூட் போர்டு ஓவனோட சூடும் அன்னன்னிக்கு வந்த பழுது எண்ணிக்கையும் 40 நாளுக்கு ஸ்கேட்டர்ல போட்டோம், 39 புள்ளி ஒழுங்கா நின்னுச்சு, ஒண்ணு மட்டும் ரொம்ப மேல. சூடு சரியாத்தான் இருந்துச்சு, பழுது மட்டும் மூணு மடங்கு. எழுதுனதுல தப்பு இருக்கும் எடுத்துருவோம்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மனசு வரல, அந்தத் தேதியப் பார்த்து ராத்திரி ஷிஃப்ட்ல இருந்த அக்காவத் தேடிப் போய்க் கேட்டேன். குளிர்பெட்டியில வைக்க வேண்டிய சாலிடர் பேஸ்ட், பாகங்கள போர்டுல ஒட்டுற பசை, அன்னிக்கு ரொம்ப நேரம் வெளியவே கிடந்திருக்கு, யாரும் எழுதி வைக்கல. அந்தப் புள்ளிய அழிச்சிருந்தா அது மறுபடி மறுபடி நடந்திருக்கும், எங்க ஓவனையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருப்போம்.

உண்மையிலயே தட்டச்சுப் பிழைன்னா, 3.5க்கு 35ன்னு அடிச்சிருந்தா, நோட்டப் பார்த்துத் திருத்து. காரணம் தெரியலன்னா புள்ளி அங்கயே இருக்கட்டும், கோட்ட ரெண்டு விதமா போட்டு, அதோட ஒண்ணு அது இல்லாம ஒண்ணுன்னு அறிக்கையில ரெண்டையும் காட்டு, உன் விரிவுரையாளர் அதத்தான் மதிப்பாரு. ஒரு எச்சரிக்கை, ஃபில்டர் போட்டு ஒரு ரோவ மறைச்சா எக்செல் சார்ட்டுல இருந்தும் அந்தப் புள்ளிய எடுத்துரும், நீ அழிக்காமலே அது காணாமப் போயிருக்கும், அதையும் பார்த்துக்கோ.

கேள்வி: இந்தப் படத்த மொத மொதல்ல வரைஞ்சது யாருங்க? — ஓய்வு பெற்ற ஆசிரியர், பாகான் டாலாம்

பதில்: ஐயா, 1833ல ஜான் ஹெர்ஷல்ங்கிற வானியலாளர், கன்னி ராசி மண்டலத்துல ஒண்ண ஒண்ணு சுத்தி வர்ற ரெட்டை நட்சத்திரத்தோட கோணத்த வருஷத்துக்கு எதிரா புள்ளி வெச்சு, அதுக்கு நடுவுல கையாலயே வளைவு வரைஞ்சாரு, நாம இன்னிக்குப் போடுற ஸ்கேட்டருக்கு அதத்தான் முன்னோடின்னு சொல்றாங்க. அப்புறம் 1886ல பிரான்சிஸ் கால்டன், பெத்தவங்க உயரத்தையும் வளர்ந்த பிள்ளைங்க உயரத்தையும் வெச்சுப் பார்த்தாரு, 928 பிள்ளைங்க. ட்ரெண்ட்லைனுக்குப் பின்னால இருக்கிற ரிக்ரெஷன்ங்கிற பேரே அங்க இருந்துதான் வந்துச்சு.

கேள்வி: எக்செல் வாங்க வசதி இல்ல. போன்ல முடியுமா? — வாசகர், கெப்போங்

பதில்: காசு குடுக்க வேணாம், லிப்ரஆபிஸ் கால்க் இலவசம், இன்சர்ட் சார்ட் போயி எக்ஸ் ஒய் ஸ்கேட்டர், பாயிண்ட்ஸ் ஒன்லி. கூகுள் ஷீட்ஸும் இலவசம், கஸ்டமைஸ்ல சீரிஸ் தெறந்து ட்ரெண்ட்லைன் டிக் பண்ணலாம். போன்ல நம்பர் எழுதலாம், படம் பார்க்கலாம், அச்சு எல்லை லேபல்னு நுணுக்கமா சரி பண்றதுக்கு நூலகத்து கணினியாவது கிடைச்சா நல்லது.

கேள்வி: அப்பாவுக்கு இரத்த அழுத்தம், தினம் காலைல அளந்து எழுதுறேன், அடுத்த வாரம் டாக்டர்கிட்ட காட்டணும். தேதி எக்ஸ்ல, மேல் நம்பர் ஒய்ல போட்டு ஸ்கேட்டர் போட்டா கீழ 45292ன்னு என்னமோ வருது, இன்னொரு ஷீட்ல 1, 2, 3ன்னு வருது, சில புள்ளி தரையில கிடக்குது. — மகன், செராஸ்

பதில்: மூணுக்கும் மூணு காரணம் தம்பி. எக்செல்லுக்குத் தேதின்னா உள்ளுக்குள்ள ஒரு நம்பர்தான், 1900 ஜனவரி 1ங்கிறது 1, அங்க இருந்து எண்ணிக்கிட்டே வந்தா 2024 ஜனவரி 1 வரும்போது 45292. அச்சுல டபுள் கிளிக் பண்ணி நம்பர்ங்கிற பகுதியில டேட்னு மாத்துனா தேதியாத் தெரியும். 1, 2, 3 வர்ற ஷீட்ல பாருங்க, 13ம் தேதியில இருந்து எல்லாம் இடது பக்கம் ஒட்டி நிக்கும். நாம நாள மொதல்ல எழுதுறோம், கணினி அமெரிக்கா முறையில மாசத்த மொதல்ல எதிர்பார்க்குது, 13வது மாசம் இல்லாததால அத எழுத்துன்னு விட்டுருது. அதவிட மோசம் 12 வரைக்கும் இருக்கிறது, ஏப்ரல் 3ங்கிறது சத்தமே இல்லாம மார்ச் 4 ஆயிருக்கும். விண்டோஸ் ரீஜன் அமைப்புல மலேசியாவ வெச்சுட்டு, தேதிகள மறுபடி ஒரு தடவ எழுதுங்க, கொஞ்சம் வேலதான், ஆனா அப்பாவோட கணக்கு இது.

தரையில கிடக்கிறது நீங்க அளக்காத நாளுக்கு 0 போட்டது. அழுத்தம் 0ன்னு ஒரு நாள் இருக்க முடியாது, அந்த செல்ல காலியா விடுங்க.

அப்புறம், தினசரிக் கணக்குக்கு ஸ்கேட்டர விட லைன் சார்ட் நல்லது, அதோட தேதி அச்சுக்கு மாசம் 30 நாளா 31 நாளான்னு தெரியும், ஸ்கேட்டருக்குத் தெரியாது. செலக்ட் டேட்டாவுல ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் போயி கேப்ஸ்னு வையுங்க, அளக்காத நாள்ல கோடு விட்டுப் போகும், டாக்டருக்கு அன்னிக்கு அளக்கலன்னு நேரா தெரியும். அப்பா மருந்து மாத்துன தேதிய தலைப்புக்குக் கீழயே எழுதிருங்க, உங்க படத்துல மேல ஏறி நிக்கிற மூணு நாளப் பத்தி அப்பாகிட்டயே ஒரு தடவ கேட்டு, தூங்கலையா, மாத்திரை மறந்தாரான்னு பக்கத்துல குறிச்சு வெச்சு, நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.